கிட்டிக்கு ஒரு கமிஷன்

1854-ல் பாலக்காட்டுப் பக்கம் திருடனாகப் பிறந்தவன் யோகக்காரன். பாலக்காடு கிழக்கிந்தியக் கும்பெனியின் மலபார் ஜில்லா. கிழக்கே நாலு எட்டு வைத்தால் சித்தூர், அது கொச்சி மகாராஜாவுடையது. இன்னும் கொஞ்சம் நடந்தால் கோயமுத்தூர், மறுபடியும் கும்பெனி. தெற்கே ஆனைமலையைத் தாண்டி அஞ்சுநாட்டில், அதாவது இன்றைய இடுக்கியின் மறையூர், காந்தளூர்ப் பக்கம் இறங்கிவிட்டால் திருவிதாங்கூர். ஒரே மாட்டை ஓட்டிக்கொண்டு மூன்று ராஜ்ஜியம் சுற்றலாம். குடியானவனுக்குத்தான் இந்த வசதி கிடையாது. நிலத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லை தாண்ட முடியுமா?

அவனுக்கு வாய்த்த போலீஸைப் பாருங்கள். 1816-ல் தாமஸ் மன்றோ கைங்கரியத்தில் வந்த சட்டம், வரி வசூலிக்கிற தாசில்தாரையே போலீஸுக்கும் தலைவராக்கியது. ஒரே சம்பளத்தில் இரண்டு வேலை, கும்பெனிக்கு மிச்சம். மலபாரில் அவருக்குக் கீழே அம்சம் அதிகாரி, அவர் கணக்கெழுத ஒரு மேனோன், ஆளை இழுத்து வரக் கோல்காரன். கோல்காரன் அடித்தால் அதிகாரியிடம் முறையிடலாம். அதிகாரியே அடிக்கச் சொல்லியிருந்தால் தாசில்தாரிடம் போகலாம். தாசில்தார் மேலேயே புகார் என்றால் கலெக்டர் துரைக்கு மனு. துரை அதைப் பரிவோடு வாசித்து, "விசாரித்து அறிக்கை அனுப்பவும்" என்று எழுதித் தாசில்தாருக்கே அனுப்பிவைக்கலாம். மனு கொடுத்தவன் பெயர், ஊர் எல்லாம் அதில் தெளிவாக இருக்கும்.

சென்னை ராஜதானி முழுக்க வசூலுக்கு இரண்டு சாதனங்கள் பிரசித்தம். ஒன்று கிட்டி: இரண்டு மரத்துண்டுக்கு நடுவே விரலை வைத்து நெருக்குவது. இன்னொன்று அண்ணாந்தாள்: குனியவைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து, உச்சிவெயிலில் நிறுத்தி, முதுகில் ஒரு கல்லையும் ஏற்றிவிடுவது. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் பையன்களுக்குக் கொடுத்துவந்த தண்டனையை ரெவின்யூ இலாகா பெரியவர்களுக்கும் விரிவுபடுத்தியது. கல்விக்கு அரசாங்கம் செய்த மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம்.

சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டி என்றொருவர் இருந்தார். சென்னை சுதேசி சங்கம் என்று ஒன்றை 1852-ல் ஆரம்பித்து, லண்டனுக்கு மனுமேல் மனுவாகப் போட்டு கும்பெனியின் தூக்கத்தைக் கெடுத்தார். டான்பி சீமோர் என்கிற பார்லிமெண்ட் மெம்பர் 1853-ல் நேரிலேயே வந்து பார்த்துவிட்டுப் போனார். 1854-ல் விவகாரம் காமன்ஸ் சபையில் வெடித்தது. சித்திரவதையா, எங்கள் ஆட்சியிலா என்று கனவான்கள் பதறினார்கள். பதறினால் அடுத்து என்ன? கமிஷன்தான்.

அந்த வருஷம் செப்டம்பரில் மூன்று பேரை நியமித்தார்கள். ஜான் புரூஸ் நார்ட்டன், வக்கீல், கும்பெனி நிர்வாகத்தைத் தாளித்து ஏற்கெனவே எழுதியவர். ஸ்டோக்ஸ், சிவில் சர்வீஸ். மூன்றாமவர் எலியட், சென்னை நகரின் தலைமை மாஜிஸ்திரேட், கூடவே போலீஸ் சூப்பிரண்டு. ஆமாம், பெசன்ட் நகரில் நாம் சுண்டல் கொறிக்கிற எலியட்ஸ் பீச் இவர் பெயரில்தான். போலீஸ் அடிக்கிறதா என்று கண்டுபிடிக்கப் போலீஸ் சூப்பிரண்டைவிட விஷயம் தெரிந்தவர் யார்? அடிபட்டவர்கள் தரப்பில் ஒருவரைப் போடலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. மூவருமே துரைமார்.

ஆனாலும் ஜனங்கள் வந்தார்கள். அங்கேதான் துரைமார் கணக்கு தப்பியது. சென்னையிலிருந்து வாலாஜாவுக்கு முதல் ரயில் ஓடியதே 1856-ல்தான். பாலக்காட்டுக்காரன் முறையிட வேண்டுமென்றால் கணவாயைக் கடந்து, கொங்குநாட்டைக் கடந்து, சேலத்தைக் கடந்து நடக்க வேண்டும். போகிற வழியெல்லாம் தாசில்தார்கள். அப்படியிருந்தும் ராஜதானியின் பல மூலைகளிலிருந்து நேரில் வந்து நின்றவர்கள் 519 பேர். கடிதம் போட்டவர்கள் 1,440. மொத்தம் 1,959 புகார். சித்தூர்க்காரனும் அஞ்சுநாட்டுக்காரனும் இதில் சேர்த்தியில்லை. அவர்களை அடிக்கும் உரிமை அவரவர் மகாராஜாவுடையது.

1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது. நார்ட்டன் அங்கே உட்கார்ந்தது வீண்போகவில்லை. சித்திரவதை நடப்பது உண்மை, வரிக்கும் நடக்கிறது, திருட்டை ஒப்புக்கொள்ள வைக்கவும் நடக்கிறது, இந்தப் போலீஸ் ஜனங்களுக்குப் பிடித்த பீடை என்று எழுதிவிட்டார்கள். போலீஸ் சூப்பிரண்டும் கையெழுத்துப் போட்டிருந்தார், அதற்கு ஒரு கும்பிடு. ஆனால் உஷாரான கும்பிடு, ஏனென்றால் அடுத்த பக்கத்தைப் புரட்டினால் இதிலெல்லாம் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பங்கில்லையாம், ஜனங்கள் அழுவது சொந்த நாட்டுக்காரன் கொடுமை தாங்காமல்தானாம். வசூல் குறைந்தால் தாசில்தார் முதுகில் கல்லேற்றியது யார் என்று அறிக்கை துருவவில்லை. அந்த அறிக்கையை 1857-ல் லண்டனில் உட்கார்ந்து படித்த ஒரு தாடிக்காரர், நியூயார்க் டெய்லி டிரிப்யூனில் கும்பெனியை வெளுத்து வாங்கினார். கார்ல் மார்க்ஸ்தான், வேறு யார்.

பிறகு 1859-ல் சென்னைப் போலீஸ் சட்டம் வந்தது. வரி வேறு, தடி வேறு என்று பிரித்தார்கள். பிரிந்துபோன தடி, தனி இலாகாவாகிச் சொந்தச் சீருடையோடு வந்து நின்றது.

கொஞ்சம் ஓட்டிவிடுவோம். மகாராஜாக்கள் போனார்கள், 1956-ல் பாலக்காடும் சித்தூரும் அஞ்சுநாடும் ஒரே கேரளத்துக்குள் வந்தன. திருடனுக்குத்தான் நஷ்டம். 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட், போலீஸ் மீதான புகார்களைக் கேட்க மாநிலத்திலும் மாவட்டத்திலும் தனி ஆணையம் வையுங்கள் என்றது. கேரளம் 2011-ல் புதுச் சட்டமே போட்டது. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஊர்க்காரர்களைச் சேர்த்து ஜனசம்பர்க்கக் குழுவும் உண்டு, அமைப்பது போலீஸ்.

மாவட்டப் புகார் ஆணையத்துக்கு மூன்று பேர் என்றது சட்டம். தலைவர், ஓய்வுபெற்ற ஜில்லா நீதிபதி. உறுப்பினர் ஒருவர் கலெக்டர். இன்னொருவர் மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டு. நார்ட்டன் நாற்காலியில் ஜட்ஜ், ஸ்டோக்ஸ் நாற்காலியில் கலெக்டர். மூன்றாவது நாற்காலியில் புதிதாகத் துணிகூட மாற்றியதாகத் தெரியவில்லை. மூணாறு எஸ்டேட்காரரோ கொழிஞ்சாம்பாறை விவசாயியோ இன்ஸ்பெக்டர் மேல் புகார் எழுதினால், அதை விசாரிப்பவர்களில் ஒருவர் அந்த இன்ஸ்பெக்டரின் மேலதிகாரி. ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும், இப்போது பஸ் வசதி இருக்கிறது.