மொரிஸ் அலவாங்கும் மூலைக்காலும்

சப்ரகமுவவின் வரலாற்றை எழுதியவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தே எழுதியிருக்கிறார்கள். சிவனொளிபாத மலை, அரசனின் குடை, துரையின் பங்களா. கொஞ்சம் குனிந்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும்: இந்த மாகாணத்தின் வரலாறு முழுக்கக் குழி. இரத்தினபுரியில் மாணிக்கக் குழி. கேகாலைப் பக்கம் போகலவில் காரீயச் சுரங்கம். மலைச்சரிவில் கோப்பிக் குழி, அது கெட்டபின் தேயிலைக் குழி, அதற்குக் கீழே றப்பர்க் குழி. ஆள வந்தவன் ஒவ்வொருவனும் தரையைக் காட்டி “வெட்டு” என்றான். வெட்டுகிறவன் உள்ளே இறங்கும்வரை மேலே நின்று பார்த்தான். பிறகு கணக்கை எழுதிக்கொண்டு போய்விட்டான்.

கண்டி அரசர்கள் காலத்தில் மாணிக்கம் மன்னனுக்குச் சொந்தம். குடிமகன் தோண்டினால் திருட்டு, மன்னன் தோண்டினால் திறைசேரி. கடைசி மன்னனை 1815இல் பிடித்து, பிறகு வேலூருக்கு அனுப்பிய வெள்ளைக்காரனுக்குக் கல்லோடு ஆசை அடங்கவில்லை. மலையையே தோண்டப் பார்த்தான். கோப்பிக்கு ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்று புத்தகத்தில் எழுதி வைத்தான். தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாய் வந்தவனிடம் அந்தப் புத்தகத்தைக் காட்டாமல் அலவாங்கை மட்டும் கொடுத்தான். 1869இல் கோப்பி இலையின் அடியில் மஞ்சள் பொடி கண்டது. அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பி போயிற்று, கடனில் மூழ்கிய துரைமாரும் போனார்கள். குழி வெட்டினவன் மட்டும் போகவில்லை. ஊர் திரும்பக் காசில்லை. கங்காணியிடம் கடன் வேறு. கோப்பிக் குழிக்குப் பக்கத்திலேயே தேயிலைக்குக் குழி வெட்டு என்றார்கள். வெட்டினான்.

பிறகு றப்பர். ஹென்றி விக்காம் என்றொருவர் 1876இல் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளைக் கப்பலேற்றினார். இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவற்றில் 1,900 கன்றுகள் வரை அதே ஆண்டு இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் இறங்கின. விக்காமுக்குப் பிற்காலத்தில் சர் பட்டம் கிடைத்தது. கன்று களனிப் பள்ளத்தாக்கில் ஏறி யட்டியாந்தோட்டை, தெரணியகலை, எஹெலியகொடை என்று பரவியபோது ஏக்கருக்கு ஏறக்குறைய 200 குழி வேண்டியிருந்தது. அவற்றை வெட்டினவனுக்குக் கிடைத்தது பட்டமல்ல, ஒரு நாள் பேரு, அதாவது ஒரு நாள் கூலி. கணக்கப்பிள்ளை குச்சி வைத்து அளந்து ஆழம் குறைந்தால் அதுவும் அரைப்பேரு.

இவ்வளவு குழி வெட்டின பரம்பரைக்குத் தன் வீட்டு வேலிக்கு ஒரு கால் ஊன்றத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். சாமான்தான் இல்லை. எங்கள் தோட்டத்தில் அலவாங்கும் முள்ளும் காலையில் எண்ணிக் கொடுத்து மாலையில் எண்ணி வாங்கிப் பூட்டுகிற பொருள்கள். காம்பராவில் சொந்தமாக இருந்தவை ஒரு கத்தி, தேய்ந்த சுரண்டி, றப்பர் மரத்தில் பால் பிடித்துப் பிடித்து விளிம்பு உடைந்த தேங்காய்ச் சிரட்டைகள். வேலி போட நிலம் எது என்றால், லயத்துக்குப் பின்னால் கானுக்கும் கக்கூசுக்கும் நடுவில் ஒரு துண்டு. அதற்கும் துரை முகம் சுளிக்கும்வரைதான் உரிமை. 1948இல் குடியுரிமைச் சட்டம் போட்டு நாடே உன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் கானோரத் துண்டுக்கு உறுதி கேட்கிற துணிச்சல் எவனுக்கு வரும்?

வேலி யுகம் தொடங்கியது எழுபதுகளில். அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. பாணுக்கு வரிசை, மாவுக்குத் தட்டுப்பாடு. மரவள்ளி நடுங்கள் என்று மேடை மேடையாகச் சொன்னார்கள். சொன்னவர்கள் வீட்டில் யாரும் நட்டதாகத் தகவல் இல்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. இடையில் 1973, 74இல் லயங்களில் ஆட்கள் பசியால் செத்தார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. மிஞ்சியவர்கள் மரவள்ளி நட்டார்கள். நட்ட செய்தி முதலில் எட்டியது காட்டுப்பன்றிக்கு. அதற்கு வரிசையும் இல்லை, கூப்பனும் இல்லை.

எங்கள் லயத்தில் பன்றிக்கு எதிரான படையின் தளபதி தொங்கல் காம்பரா மாமா. மம்பட்டியால் வேலிக்கால் குழி வெட்ட முடியாது என்பதை அவர் வெட்டியே நிரூபித்தார். மம்பட்டியின் இலை பிடிக்குக் குறுக்கே நிற்பது. குழி ஆழமாக ஆழமாகப் பிடி சாய இடம் வேண்டும். இடம் விட விட வாய் அகலும். மாமா கைவிட்டபோது அந்தக் குழியில் கன்றுக்குட்டியைப் புதைக்கலாம். நடுவில் நட்ட கம்பு நாலு பக்கமும் தலையாட்டியது. அத்தை எட்டிப் பார்த்தார்.

“என்னாங்க, வேலியா போடுறீங்க, கெணறா வெட்டுறீங்க?”

“போயி தேத்தண்ணி ஊத்து புள்ள,” என்றார் மாமா.

வேலிக்காலுக்கு வேண்டியது வெட்டுகிற சாமான் அல்ல, குத்துகிற சாமான். இங்கேதான் உலக வரலாறு எங்கள் லயத்துக்குள் நுழைகிறது. 1926இல் பெல்மதுளையில் ஒரு வயலிலிருந்து 392.52 கரட் நீலக்கல் கிடைத்தது. ‘புளூ பெல் ஒஃப் ஏசியா’ என்று பெயர் வைத்தார்கள். 1937இல் அதை வாங்கியவர் நஃபீல்ட் பிரபு, அதாவது மொரிஸ் கார் கம்பெனியைத் தொடங்கிய வில்லியம் மொரிஸ். (2014இல் ஜெனீவா ஏலத்தில் அந்தக் கல் ஒரு கோடியே 72 லட்சம் டாலருக்கு மேல் போனது. வயலில் அதைப் பார்த்தவனுக்குக் கிடைத்ததை எந்த ஏலக்காரரும் எழுதி வைக்கவில்லை.) கல் இங்கிலாந்துக்குப் போனது, பதிலுக்கு அங்கிருந்து இலங்கை ரோட்டெல்லாம் மொரிஸ் மைனர் வந்தது. எங்கள் டிஸ்பென்சர் ஐயாவின் மொரிஸ் மைனர் ஒரு மழைக்காலத்தில் கானுக்குள் இறங்கியது, ஏறவில்லை. கதவு கோழிக்கூட்டுக்குப் போனது. ஆசனம் கங்காணி வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்தது. அந்தக் காரின் முன் சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. அடியில் நீளவாக்கில் கிடக்கும் உருக்குத் தண்டு முறுகித்தான் பாரம் தாங்கும். மாமா அந்தத் தண்டைக் கழற்றிக் கொல்லன் பட்டறையில் ஒரு முனையைக் கூராகவும் மறுமுனையைத் தட்டையாகவும் அடித்து வந்தார். மொத்தக் கணக்கு இதுதான்: பிரபுவுக்கு நீலக்கல், எங்களுக்கு அலவாங்கு. ஆனால் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற கல்லால் ஒரு வேலிக்கால்கூட நட முடியாது. அந்த வகையில் எங்களுக்குத்தான் லாபம்.

அலவாங்கு வந்தபிறகு கலை தொடங்குகிறது. வட்டமாகக் குத்தி மண்ணை இளக்கு, சிரட்டையால் அள்ளு, திரும்பக் குத்து. மண் இறுகினால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வெற்றிலை போடு. ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை விழுகிற இரத்தினபுரிப் பக்கத்தில் அந்த வாளியையும் பெரும்பாலும் வானமே ஊற்றிவிடும். சிக்கல் அள்ளுவதில்தான். பெரியவர்களின் கை முழங்கைக்கு மேல் குழிக்குள் போகாது. தோள் மேலே முட்டும். ஆகவே லயத்தின் பொடியன்கள் தேசிய சேவைக்கு அழைக்கப்பட்டோம். குப்புறப் படுத்து, கன்னம் சேற்றில் பட, ஒரு கையை உள்ளே விட்டுச் சிரட்டையால் அள்ள வேண்டும். அந்த நேரத்தில் அட்டைகள் எங்கள் முதுகுப் பக்கத்தை ஆய்வு செய்தன. ஆழத்துக்கு அளவுகோல் கிடையாது. பொடியனின் முழங்கை மறைந்தால் பந்தக்கால், தோள் மறைந்தால் வேலிக்கால், காது மறைந்தால் மூலைக்கால்.

“மாமா, இதுக்கு மேல எட்டலிங்க!”

“எட்டலன்னா வளருடா மருமகனே!”

மாமாவின் அடுத்த கண்டுபிடிப்பு பொடியன்களை விடுதலை செய்வதற்கானது. இரண்டு சுரண்டிகளை நீளக் கம்புகளில் கட்டி, முகத்துக்கு முகம் பார்க்க வைத்து, நடுவில் சைக்கிள் டியூபால் இறுக்கினார். கம்புகளை விரித்தால் கீழே வாய் மூடி மண்ணைக் கவ்வும். தோட்டமே வேடிக்கை பார்த்தது. அமெரிக்காவில் இதே தத்துவத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே காப்புரிமை வாங்கிக் கடையில் விற்றிருக்கிறார்கள் என்பது மாமாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர்கள்தான் தன்னிடமிருந்து திருடினார்கள் என்று சொல்லியிருப்பார். கருவி நன்றாகவே வேலை செய்தது. டியூப் வெயிலில் வெடித்ததும் திரும்பப் பொடியன்களைக் கூப்பிட்டார்கள்.

கேகாலைப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு வேறு தலைவலி. அங்கே கபுக். பூமிக்குள் இருக்கும்வரை கோடாலிக்கு இறங்குகிற மண். வெட்டி எடுத்துக் காற்றில் வைத்தால் வீடு கட்டுகிற கல். பாதிக் குழியை நாளைக்கு என்று விட்டுவிட்டுப் போகிறவனை அது மன்னிக்காது. ருவன்வெல்லைச் சித்தப்பா ஒருவர் கலியாணப் பந்தலுக்கு வெட்டின குழிகளை மூடாமல் விட்டார். அடுத்த மகளின் கலியாணத்துக்கும் அவையே உதவின. பந்தலின் அளவு அந்தக் குடும்பத்தில் நிரந்தரமாகிவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர் வந்தாலும்.

கம்புக்கு வருவோம். மாமாவின் ஆசை இரும்பு. களனிப் பள்ளத்தாக்குச் சிறு ரயில் 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் வந்தது. 1976இல் அவிசாவளைக்கு அப்பால் அதை மூடினார்கள். தண்டவாளத் துண்டுதான் உலகத்திலேயே சிறந்த வேலிக்கால் என்று மாமா பல இரவுகள் பேசினார். பேச்சு பேச்சாகவே நின்றது. அந்த இரும்பு பெரிய மனிதர்களின் கேட்டுகளுக்கு முந்திவிட்டது. எங்களுக்குக் கிளிசரியாக் கம்பு. அடியைச் சரிவாகச் சீவி, குழியில் நிறுத்தி, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடித்துவிட்டால் வேலை முடிந்தது. அடுத்த மழைக்கு அது துளிர்த்துவிடும். வேலிக்காலுக்கு வேர் விட்டது. ஊன்றினவனுக்கு இந்த நாட்டில் வேர் இருக்கிறதா என்பதை 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து தலை எண்ணிப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் ஒழுங்காகப் போனது, ஓடைப் பக்கத்து மூலைக்கால் வரும்வரை. அலவாங்கு ‘சரக்’ என்றது. சிரட்டையில் வந்தது மண் அல்ல, ஆற்றில் உருண்ட கல் கல்லாகச் சரளை. மாணிக்கக் குழிக்காரர்கள் ‘இல்லம்’ என்று சொல்வது இதைத்தான். கல் இருந்தால் அந்தப் படையில்தான் இருக்கும். வேலிக்கால் குழி தன் தொழிலை அந்த நிமிடமே மாற்றிக்கொண்டது. மாமா வேலையாட்களைக் கூப்பிடவில்லை, சம்பந்திகளைக் கூப்பிட்டார். பொழுது சாய்வதற்குள் குழிக்குள் ஏணி இறங்கியது. பக்கச் சுவருக்கு மரமும் பன்னத் தழையும் வைத்து அண்டை கொடுத்தார்கள். பன்றி மறந்துபோனது. நாட்டுப்பக்கத்திலிருந்து ஆட்கள் ‘சும்மா’ நடந்து வந்து போனார்கள். சங்கத் தலைவர் வந்து, கிடைப்பதில் சங்கத்துக்குப் பங்கு உண்டு என்ற கொள்கை விளக்கத்தைக் கொடுத்தார். கடைசியில் போலீஸ் வந்தது. 1971இல் அரச மாணிக்கக் கூட்டுத்தாபனச் சட்டம் வந்ததிலிருந்து லைசென்ஸ் இல்லாமல் கல் தோண்டினால் வழக்கு.

“வேலிக்கால் நடுறேங்க ஐயா,” என்றார் மாமா, கழுத்தளவு ஆழத்திலிருந்து.

சல்லடையில் தேறியது வெள்ளைக் கற்கள், ஒரு பழைய போத்தல் மூடி. போலீஸ்காரர் வெள்ளைக் கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திரும்பக் கொடுத்தார். மூடியைக் கொடுக்கவில்லை, அது சான்றுப் பொருள். எச்சரித்து விட்டார்கள். மூலைக்கால் நடவே இல்லை, குழி அதற்குள் கால் நிற்கிற அளவைத் தாண்டியிருந்தது. பன்றி அந்த மூலையால் மரியாதையாக உள்ளே வந்து மரவள்ளி தின்றுவிட்டுப் போனது.

1981 ஆகஸ்ட் இனக்கலவரத்தில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்களை எரித்தார்கள். பலர் வவுனியாவுக்குப் போனார்கள், திரும்பவில்லை. காம்பரா எரிந்தது, கிளிசரியா வேலி எரியவில்லை, பச்சை மரம்.

மாமாவின் ஆவிக்கு ஆறுதலாக ஒரு செய்தி 2021 ஜூலையில் வந்தது. இரத்தினபுரியில் ஒரு கல் வியாபாரியின் வீட்டுக் கொல்லையில் கிணறு தோண்டியவர்களின் கையில் 510 கிலோ எடையுள்ள நட்சத்திர நீலக்கல் கொத்து தட்டுப்பட்டதாம். 25 லட்சம் கரட், பத்துக் கோடி டாலர் வரை போகலாம் என்று உலகமெல்லாம் பேசினார்கள். கொத்தில் உள்ளதெல்லாம் தரமான கல்லாக இருக்கத் தேவையில்லை என்று அதிகாரிகளே பிறகு சொன்னது அவ்வளவாக யார் காதிலும் விழவில்லை. ஆனால் கவனியுங்கள்: தண்ணீருக்குத் தோண்டினவனுக்குக் கல். மாணிக்க வியாபாரிக்கே மேலும் மாணிக்கம். கல்லுக்குத் தோண்டின மாமாவுக்குப் போத்தல் மூடி. பூமாதேவிக்கு வர்க்க அரசியல் நன்றாகத் தெரியும்.

இந்தப் பக்கத்தில் வேலி போட நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் கம்பை வெட்டி வையுங்கள், பிறகு குழிக்குப் போங்கள். வெட்டின அன்றே நட்டு, மண்ணை இடித்து மூடுங்கள். திறந்து கிடக்கிற குழியை எங்கள் மழை ஒரே இரவில் நிரப்பும். நுளம்புக் குடம்பியைக் கண்டால் பி.எச்.ஐ. வழக்குப் போடுவார். உருண்டைக் கல்லைக் கண்டால் அப்படியே மண்ணைத் தள்ளிவிட்டு இரண்டு முழம் தள்ளிக் குத்துங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மாணிக்கம் தோண்டுவது இன்றும் குற்றம். மரவள்ளிக்கு வேலி போடுவதை இன்னும் குற்றமாக்கவில்லை.