விக்கும் கணினியைப் பேணிக் காப்பது எப்படி?

கணினியில் பாட்டு ஓடுகிறது. பல்லவி முடிந்து சரணத்தில் கால் வைக்கும் நேரத்தில் ஒரு ‘டர்ர்ர்’. ஒரு கணம் நின்று, ஒன்றுமே நடக்காததுபோல் மீண்டும் தொடர்கிறது. மனிதருக்கு விக்கல் வந்தால் தண்ணீர் கொடுக்கலாம், யாரோ நினைக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லலாம். கணினிக்கு இரண்டும் ஆகாது. முதலாவது நிச்சயம் ஆகாது.

இந்த விக்கலை நிறுத்த வழி சொல்கிறவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். நிற்கவிடாமல் ஆண்டுக்கணக்கில் காப்பாற்ற வழி சொல்லத்தான் ஆளில்லை. அதற்காகவே இந்தக் கையேடு. வரிசை மாறாமல் பின்பற்றவும்.

1. காரணத்தைத் தெரிந்துகொள்ளாதீர்கள்

தெரிந்தால் குணமாகிவிடும் அபாயம் உண்டு. எதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக மட்டும் சொல்கிறேன். சி.டி. தரத்தில் ஒரு நொடிப் பாட்டு என்பது இடப் பக்கத்துக்கு 44,100 எண்கள், வலப் பக்கத்துக்கு 44,100 எண்கள். வீடியோக்களில் பெரும்பாலும் 48,000. கணினி இவற்றைப் பங்கு பங்காகப் பிரித்து, பஃபர் என்ற சிறு நினைவகப் பகுதியில் போட்டு வைக்கிறது. சவுண்ட் சிப் அங்கிருந்து எடுத்து வாசிக்கிறது. விண்டோஸ் வழக்கமாக 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அடுத்த பங்கைத் தயாரிக்கிறது. 48,000 கணக்கில் அது பக்கத்துக்கு 480 எண்கள். நேரத்துக்குப் பங்கு வந்து சேராவிட்டால் சிப்புக்கு வாசிக்க ஒன்றுமில்லை. ஒன்று, மௌனமாகிவிடும், அல்லது பழைய பங்கையே திரும்பத் திரும்ப வாசிக்கும். அந்த ‘டர்ர்ர்’ அதுதான்.

சினிமாவில் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 42 மில்லிசெகண்ட் திரையில் நிற்கிறது. ஒன்று விட்டுப்போனாலும் கண் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. காதுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. சில மில்லிசெகண்ட் இடைவெளியையும் பிடித்துவிடும். ஆக, பாட்டிலும் கோளாறில்லை, ஸ்பீக்கரிலும் கோளாறில்லை. கணினிக்குள் யாரோ சரியான நேரத்தில் வழி விடவில்லை. யார் அது? அந்தக் கேள்வியை எக்காரணம் கொண்டும் கேட்காதீர்கள்.

2. ஸ்பீக்கரைத் தட்டுங்கள்

பலனில்லையா? பலமாகத் தட்டுங்கள். பிறகு புதிது வாங்குங்கள். விக்கல் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

3. டாஸ்க் மேனேஜரைத் திறந்து நிம்மதி அடையுங்கள்

பிராசஸர் 6 சதவீதம்தான் வேலை செய்கிறது என்று காட்டும். “மெஷின் சும்மாதானே இருக்கு!” என்று உரக்கச் சொல்லிவிட்டு, கூடுதல் ராம் வாங்கப் புறப்படுங்கள்.

அந்த 6 சதவீதம் சராசரிக் கணக்கு என்பதை மறந்துவிடுவது அவசியம். வை-ஃபை, கிராஃபிக்ஸ், பேட்டரி ஆகியவற்றின் டிரைவர்கள் அவ்வப்போது அவசர வேலையாகப் பிராசஸரைப் பிடித்துக்கொள்ளும். அந்த வேலை முடியும்வரை அந்தக் கோரில் பாட்டு உட்பட எந்தச் சாதாரண நிரலும் ஓட முடியாது. இப்படி ஒரு வேலை 100 மைக்ரோசெகண்டைத் தாண்டக் கூடாது என்பது டிரைவர் எழுதுவோருக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் விதி. மோசமாக எழுதப்பட்ட டிரைவர் அதைப்போல நூறு மடங்கு நேரம் உட்கார்ந்துகொண்டால் உங்கள் 10 மில்லிசெகண்ட் போயிற்று. மிச்ச நேரமெல்லாம் பிராசஸர் சும்மா இருப்பது உண்மைதான். அதனால் பாட்டுக்கு என்ன லாபம்?

4. ப்ளூடூத் ஹெட்போனுக்கு நல்ல சகவாசம் கொடுங்கள்

ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. பழைய வை-ஃபையும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். யு.எஸ்.பி. 3.0 சாதனங்களும் அதே இடத்தில் இரைச்சல் கிளப்புகின்றன என்று இன்டெல் 2012-இலேயே அறிக்கை வெளியிட்டது. எனவே ப்ளூடூத் டாங்கிளை, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கும் துளைக்குப் பக்கத்துத் துளையில், கணினியின் முதுகுப்புறம், சுவரோரமாகச் செருகுங்கள். ஒரு சிறு யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு மேசைமேல் எடுத்து வைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடக்கூடும். அந்த வயரை வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். வை-ஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றச் சொல்பவரையும்தான்.

5. எண்களை ஏற்றுங்கள்

சவுண்ட் செட்டிங்ஸில் இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள்: 24 பிட், 1,92,000 ஹெர்ட்ஸ். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, அதற்கு 44,100 போதும் என்பதெல்லாம் கஞ்சர்களின் வாதம். 48,000-க்கு மூச்சு வாங்கும் கணினிக்கு நான்கு மடங்கு எண்களைக் கொடுத்தால்தானே அதன் வீரம் தெரியும்?

இசைப்பதிவு மென்பொருள் வைத்திருப்பவர்கள் பஃபரை 64 எண்களுக்கு இறக்கிவிடலாம். 48,000 கணக்கில் கணினிக்கு 1.3 மில்லிசெகண்ட் அவகாசம் கிடைக்கும். வெறுமனே பாட்டுக் கேட்க 1,024 வைத்தால் 21 மில்லிசெகண்ட் கிடைத்து நிம்மதியாக ஓடும். நமக்கு எதற்கு நிம்மதி?

6. ரெஜிஸ்ட்ரியில் கை வையுங்கள்

இது கைதேர்ந்தவர்களுக்கான படி. 2007-இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது, நெட்வொர்க் வேலை அதிகமானாலும் பாட்டு விக்கக் கூடாது என்பதற்காக ஓர் ஏற்பாடு செய்தார்கள். பாட்டோ படமோ ஓடும்போது நெட்வொர்க் பாக்கெட்டுகள் மில்லிசெகண்டுக்குப் பத்து என்று கட்டுப்படுத்தப்படும். ஃபைல் காப்பி செய்கிறவர்கள் வேகம் விழுந்துவிட்டதென்று கூச்சலிட, மைக்ரோசாஃப்ட்டின் மார்க் ருசினோவிச் அதே ஆண்டு உட்கார்ந்து விளக்கம் எழுதவேண்டியதாயிற்று. ரெஜிஸ்ட்ரியில் அந்தக் கட்டுப்பாட்டின் பெயர் ‘நெட்வொர்க் த்ராட்லிங் இண்டெக்ஸ்’. அதை அடியோடு நீக்கச் சொல்லும் வைத்தியர்கள் இன்றும் உண்டு. உடனே நீக்குங்கள். பாட்டைக் காக்கப் போட்ட காவலை எடுத்துவிட்டுப் பாட்டு ஏன் விக்குகிறது என்று வியப்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது.

7. கம்ப்யூட்டர் படித்த தம்பியைக் கூப்பிடுங்கள்

குடும்பத்துக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, “அக்கா, ஃபார்மட் போட்டுடலாம்” என்பார். அவர் நம்பிக்கைக்கு வரலாற்று ஆதாரம் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஹார்ட் டிஸ்க்கோ சி.டி. டிரைவோ ஆறு முறைக்கு மேல் தவறினால், விண்டோஸ் அதை டி.எம்.ஏ. முறையிலிருந்து பி.ஐ.ஓ. முறைக்கு இறக்கிவிடும். அதன்பின் டிஸ்க்கிலிருந்து வரும் தரவை எல்லாம் பிராசஸரே தூக்கிச் சுமக்கவேண்டும், பாட்டு விக்கும். ஃபார்மட் போட்டால் அந்தப் பதிவு அழிந்து மீண்டும் டி.எம்.ஏ. வரும், பாட்டும் சரியாகும். கேபிள் பழுது அப்படியே இருந்தால் பழைய கதை திரும்பும், தம்பியும் திரும்ப வருவார். டிவைஸ் மேனேஜரில் அந்த ஐ.டி.இ. சேனலை நீக்கி ரீஸ்டார்ட் செய்தாலே போதும் என்பதைச் சொல்லி அவர் காப்பியைக் கெடுக்கவேண்டாம்.

இன்றைய கணினியில் ஃபார்மட் போட்டால் அதே பழுதான டிரைவர் பத்திரமாகத் திரும்பி வரும். குடும்ப ஆல்பம் மட்டும் வராமல் போகலாம்.

8. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள்

இதுவே இக்கையேட்டின் உயிர். டிரைவர், பவர் செட்டிங், வயர், பிளேயர் எல்லாவற்றையும் ஒரே மாலையில் மாற்றிவிடுங்கள். விக்கல் நின்றால் எதனால் நின்றது என்று தெரியாது. மறுபடி வந்தால் எதனால் வந்தது என்றும் தெரியாது.

எச்சரிக்கை: மறந்தும் செய்யக்கூடாதவை

- டிஸ்க்கில் சேமித்த பாட்டைப் போட்டுப் பார்க்காதீர்கள். அதிலும் விக்கினால் இணைப்புக் கொடுத்தவர் நிரபராதியாகிவிடுவார். அவரைத் திட்டும் உரிமை போய்விடும்.
- வயர் ஹெட்போனை மாட்டிப் பார்க்காதீர்கள். விக்கல் நின்றால் ப்ளூடூத் கையும் களவுமாகச் சிக்கிக்கொள்ளும்.
- வை-ஃபையைச் சற்று நேரம் அணைத்துவிட்டுக் கேட்காதீர்கள். அதன் டிரைவர்மேல் சந்தேகம் வந்துவிடும்.
- லேடன்சிமான் என்ற மென்பொருளை ஓடவிடாதீர்கள். எந்த டிரைவர் எவ்வளவு நேரம் பிராசஸரைப் பிடித்துக்கொண்டது என்று பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கும்.
- ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்ற மெருகேற்றும் வசதியை அணைக்காதீர்கள். லேப்டாப்பைப் பவர் சேவரிலிருந்து வெளியே எடுக்காதீர்கள். லேப்டாப் தயாரித்தவரின் தளத்துக்குப் போய்ப் புதிய டிரைவரைத் தேடாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அரை மணி நேரம் கேட்டு, பயனில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகிற சிலர் உண்டு. அவர்கள் சகவாசமே வேண்டாம். ஒரே மாலையில் குற்றவாளியைப் பிடித்துவிடுவார்கள். அப்புறம் பாட்டு முதலிலிருந்து கடைசிவரை தடையில்லாமல் ஓடும். உங்களுக்கோ அதை உட்கார்ந்து கேட்பதைத் தவிர வேறு வேலையே இருக்காது. அதற்கா இவ்வளவு செலவழித்துக் கணினி வாங்கினோம்?