வெயிலைத் தின்னும் சிலிக்கானைத் தின்பது எது?

கே: மொட்டை மாடி சோலார் பேனல் இருபத்தைந்து வருஷம் உழைக்கிறது. அதையே தண்ணீருக்குள் இறக்கி ஹைட்ரஜன் எடுத்தால் என்ன?

ப: மாடியில் இருக்கும் சிலிக்கான் ஒரு சொட்டு மழையைக்கூடத் தொட்டதில்லை. மேலே கண்ணாடி, கீழே பிளாஸ்டிக், சுற்றிலும் பசை என்று மூடி வைத்திருக்கிறார்கள். எரிபொருள் தரவேண்டிய சிலிக்கானுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. காரத்திலோ அமிலத்திலோ நின்றபடி வெயிலை வாங்கி, அங்கேயே தண்ணீரைப் பிரிக்க வேண்டும்.

கே: இரும்பு துருப்பிடிப்பது மாதிரிதானே?

ப: பாதிதான் சரி. இரும்புக்கு எதிரி வெளியிலிருந்து வருகிறான். இங்கே எதிரி உள்ளேயே பிறக்கிறான். வெளிச்சம் பட்டதும் ஓர் எலெக்ட்ரான் கிளம்பிப்போக, அது இருந்த இடத்தில் நேர்மின் 'துளை' மிஞ்சுகிறது. அந்தத் துளை, தண்ணீரிடமிருந்து எலெக்ட்ரானைப் பறித்தால் ஆக்சிஜன் வரும். தண்ணீர் தரத் தாமதித்தால், பக்கத்திலிருக்கும் சொந்தப் பிணைப்பையே உடைத்துப் பறித்துவிடும். சிலிக்கான் மேல் மின்சாரம் கடத்தாத ஆக்சைடுத் தோல் படரும். சிலிக்கான் போன்ற இன்னொரு குறைகடத்தியான காலியம் ஆர்சனைடு கரைந்தே போகும். வேலை செய்யச் செய்ய அரிப்பு.

கே: அரிக்காத குறைகடத்தியே கிடையாதா?

ப: உண்டு. 1972இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடை வைத்து, ஒளியால் தண்ணீரைப் பிரிக்கலாம் என்று காட்டினார்கள். வெள்ளைப் பெயின்ட்டில் கலக்கும் அதே பொருள். கரையவில்லை. ஆனால் அது புற ஊதாக் கதிரை மட்டுமே வாங்கும். வெயிலில் அந்தப் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம்தான். உழைப்பது கரைகிறது, கரையாதது உழைப்பதில்லை.

கே: உழைப்பது எவ்வளவு உழைத்தது?

ப: 1998இல் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகத்தில் கசலேவும் டர்னரும் வெயிலை ஹைட்ரஜனாக்குவதில் 12.4 சதவீதத் திறனை எட்டினார்கள். அந்தக் காலத்துக்கு அசத்தலான எண். ஆனால், ஒரே நாளைக்குள் மின்னோட்டம் இறங்கத் தொடங்கிவிட்டது.

கே: வழியே இல்லையா?

ப: நம் பாட்டிகள் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசச் சொன்னார்களே, அதுதான் வழி. புளி பித்தளையைத் தொடக்கூடாது. ஆனால் அடுப்புச் சூடு ரசத்துக்குப் போயாக வேண்டும். இங்கேயும் அதே நிபந்தனை: தண்ணீர் உள்ளே வரக்கூடாது, மின்னூட்டம் வெளியே போக வேண்டும்; மேலேயிருந்து வெயிலும் இறங்க வேண்டும். இந்த மூன்றும் ஒரே பூச்சில் சேர்வதுதான் கடினம்.

2011இல் ஸ்டான்ஃபோர்டு குழு சிலிக்கான்மேல் 2 நானோமீட்டர் டைட்டானியம் டை ஆக்சைடு பூசியது. தடிமன் கூடினால் மின்னூட்டம் கடக்காது என்பதே அன்றைய கணக்கு. 2014இல் கால்டெக்கில் ஷூ ஹூ, நாதன் லூயிஸ் குழுவினர் அந்தக் கணக்கை உடைத்தார்கள். படிகமாகாத டைட்டானியம் டை ஆக்சைடை 100 நானோமீட்டருக்கு மேலும் பூசி, மேலே நிக்கல் வைத்தால் மின்னூட்டம் கடந்துபோகிறது என்று கண்டார்கள். சிலிக்கான் 100 மணி நேரத்துக்கு மேல் காரத்தில் தாங்கியது. 1972இல் உழைக்கத் தெரியாத பொருள், இப்போது உழைப்பவனுக்குக் காவல். எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இது.

கே: அவ்வளவு மெல்லிசாக எப்படிப் பூசுகிறார்கள்?

ப: வாயுவை மாற்றி மாற்றிச் செலுத்தி, அணு அடுக்கு அடுக்காக வளர்ப்பார்கள். ஃபின்லாந்தின் துவோமோ சுந்தோலா 1974இல் உருவாக்கிய முறை.

கே: பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால்?

ப: போதும். காரம் அதன் வழியே இறங்கி அடியிலிருக்கும் சிலிக்கானைக் குடையும். ராத்திரி இன்னும் மோசம். பகலில் மின்னோட்டம் ஓடும்போது ஓட்டைக்கடியில் ஆக்சைடுத் தோல் உருவாகி ஓரளவு காக்கும். இருட்டில் அந்தத் துணையும் இல்லை. ஆய்வகத்தில் விளக்கை அணைக்காமல் எடுத்த கணக்கு, ஊர் வெயிலுக்குப் பொருந்தாது.

கே: 100 மணி நேரம் பெரிய விஷயமா?

ப: தொடக்கத்துக்குப் பெரிது, பிழைப்புக்குப் போதாது. ஒரு வருஷத்தின் பகல் மட்டுமே 4,000 மணி நேரத்துக்கு மேல். பத்து வருஷமாவது உழைக்காத கருவியை யார் வாங்குவார்கள்?

கே: பேனலைத் தனியாக வைத்து, தண்ணீரைப் பிரிக்கும் கருவியைத் தனியாக வைத்தால் தொல்லை இல்லையே?

ப: இல்லைதான். இன்றைக்கு நடைமுறைக்கு வந்திருப்பது அந்த வழியே. இரண்டையும் ஒன்றாக்கினால் செலவு குறையலாம் என்ற நம்பிக்கையில்தான் இந்தப் பூச்சு ஆராய்ச்சி நடக்கிறது. அந்த நம்பிக்கை பலிக்குமா என்பதைத் திறன் தீர்மானிக்காது, ஆயுள்தான் தீர்மானிக்கும். இனி 'சூரிய ஹைட்ரஜனில் புதிய சாதனை' என்று செய்தி வந்தால், சதவீதத்துக்குப் பக்கத்தில் எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கிறதா, முதலில் அதைத் தேடுங்கள்.