சாணக்யபுரி தபால்பெட்டி

‘இனி கேள்வி கேட்க யாருக்கும் பத்திரிகை தேவையில்லை, ஆளுக்கொரு வலைப்பதிவு போதும்’ என்று இரண்டு வாரம் முன்பு இதே பக்கத்தில் எழுதிவிட்டேன். அதை ஆமோதித்தும் மறுத்தும் கேள்விகள் குவிந்துவிட்டன, பத்திரிகைக்கே. இந்த வாரம் முழுக்க அந்தப் பஞ்சாயத்துதான்.

கே: சாணக்யபுரியில் உட்கார்ந்துகொண்டு வலைப்பதிவு மகாத்மியம் பாடுகிறீர். அந்தப் பேட்டைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? – ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

ப: சத்ய மார்க், நியாய மார்க், விநய மார்க், சாந்திபத் என்று இங்கே தெருப்பலகைகளைப் படித்தாலே பாதிப் புண்ணியம். அந்தத் தெருக்களில் குடியிருப்பவர்கள் தூதர்கள். பகலில் யாரோடு சாப்பிட்டோம், எந்த அமைச்சர் எந்த அமைச்சரைப் பற்றி என்ன முணுமுணுத்தார், எந்தக் கட்சி எப்போது உடையும் என்பதையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து நல்ல நடையில் எழுதி அவரவர் தலைநகருக்கு அனுப்புவது அவர்கள் தொழில். வலைப்பதிவு என்பது வேறென்ன? இவர்களுக்கு வாசகர் குறைவு, சம்பளம் உண்டு.

அந்தப் பதிவுகள் ஒருமுறை ஊருக்கே திறந்தன. விக்கிலீக்ஸ் கையில் சிக்கிய அமெரிக்கத் தூதரகக் கேபிள்களை 2011 மார்ச்சில் ‘தி இந்து’ வரிசையாக வெளியிட்டது. 2008 ஜூலை நம்பிக்கை வாக்கெடுப்புக்கு ஐந்து நாள் முன்பு, எம்.பி.க்களுக்காகப் பெட்டிகளில் பணம் தயாராக இருப்பதைத் தூதரக ஊழியருக்கே திறந்து காட்டினார்கள் என்றது ஒரு கேபிள். சம்பந்தப்பட்டவர்கள் மறுத்தார்கள், நாடாளுமன்றம் அல்லோலகல்லோலப்பட்டது. நமக்கு அதைவிட ருசியானது சென்னைத் துணைத் தூதரகத்திலிருந்து போன கேபிள். 2009 ஜனவரி திருமங்கலம் இடைத்தேர்தலில் காலைப் பேப்பருக்குள் உறையை வைத்துப் பணம் விநியோகம் ஆனது என்று அதில் எழுதியிருந்தது. தமிழ்ப் பத்திரிகைக்குள் அவ்வளவு மதிப்புள்ள சமாச்சாரம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

கே: தூதர்கள் ரகசியமாக எழுதாமல் வெளிப்படையாகவே வலைப்பதிவு எழுதினால் என்ன? – கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

ப: எழுதினார் ஒருவர். சூடானில் ஐ.நா. சிறப்புப் பிரதிநிதியாக இருந்த யான் ப்ராங்க். டார்ஃபூரில் சூடான் ராணுவம் தோற்றுத் துவண்டுபோயிருக்கிறது என்று தன் பதிவில் எழுதினார். 2006 அக்டோபரில் மூன்று நாளில் மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள். இங்கே எங்கள் பேட்டைக்காரர்கள் அதைப் படித்துப் பாடம் கற்றுக்கொண்டார்கள். இப்போது அவர்கள் வெளிப்படையாக எழுதுவதெல்லாம் தீபாவளி வாழ்த்தும் மாம்பழ சீசனும்தான்.

கே: வியாபாரத்தில் வலைப்பதிவால் உண்மையிலேயே ஏதாவது நடந்திருக்கிறதா, இல்லை எல்லாம் பேச்சா? – மளிகைக் கடைக்காரர், விருதுநகர்

ப: நடந்தது. அதுவும் இதே தில்லியில்.

2005இல் நாளிதழைப் புரட்டினால் முழுப்பக்கம் ஐ.ஐ.பி.எம். விளம்பரம். ஐ.ஐ.எம்.மையே தூக்கிச் சாப்பிடும் தோரணையில் ஒரு தனியார் நிர்வாகக் கல்லூரி. விளம்பரத்தில் சொன்னதெல்லாம் உண்மையா என்று விசாரித்து எழுதியது பெரிய பத்திரிகை எதுவும் அல்ல. மாணவர்களுக்காக ரஷ்மி பன்சால் நடத்திய ‘ஜாம்’ என்ற சின்னப் பத்திரிகை. அதைத் தன் வலைப்பதிவில் எடுத்துப் போட்டு நாலு வரி சேர்த்தார் கௌரவ் சப்னிஸ் என்ற இளைஞர். அவருக்கு வேலை ஐ.பி.எம். நிறுவனத்தில். கல்லூரி வக்கீல் நோட்டீஸ் விட்டது, சரி. அதோடு நிற்காமல், தங்கள் மாணவர்கள் ஐ.பி.எம். மடிக்கணினிகளை அந்த நிறுவனத்தின் தில்லி அலுவலக வாசலில் வைத்துக் கொளுத்தப்போகிறார்கள் என்றும் சேதி போனது. தன்னால் கம்பெனிக்குத் தர்மசங்கடம் வேண்டாமென்று அந்தப் பையன் வேலையை விட்டார். எழுதியதை எடுக்கவில்லை.

அண்ணாச்சி, இங்கேதான் கணக்கைக் கவனிக்க வேண்டும். அதுவரை அந்தப் பதிவைப் படித்தவர்கள் அவருடைய சிநேகிதர்களும் சிநேகிதர்களின் சிநேகிதர்களும். நோட்டீஸுக்குப் பிறகு நாடே படித்தது. நூற்றுக்கணக்கான பதிவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். கல்லூரியின் பெயரைத் தேடினால் விளம்பரத்துக்கு முன்னால் சண்டை வந்து நின்றது. முழுப்பக்க விளம்பரத்துக்குக் கொட்டிய காசு ஒரு நோட்டீஸில் கரைந்தது.

கல்லூரிக்காரர்கள் பாடம் கற்கவில்லை. 2013 பிப்ரவரியில் குவாலியர் நீதிமன்ற உத்தரவின் பேரில் இணையத்தில் அவர்களைக் குறை சொன்ன 73 பக்கங்களைத் தொலைத்தொடர்புத் துறை முடக்கச் சொன்னது. அந்த 73இல் ஒன்று பல்கலைக்கழக மானியக் குழுவின் அறிவிப்பு! அரசாங்கத்தின் ஒரு துறை இன்னொரு துறையின் வாயைப் பொத்திய காட்சி. அடுத்த வருஷம் செப்டம்பரில் எம்.பி.ஏ., பி.பி.ஏ. என்ற எழுத்துகளையே அவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று தில்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2015இல் ஊர் ஊராக இருந்த கிளைகளுக்கு மூடுவிழா.

உங்கள் கடைத் துவரம்பருப்பைப் பற்றி யாராவது எழுதினால் முதலில் பருப்பைப் பாருங்கள். வக்கீலை அப்புறம் பார்க்கலாம்.

கே: வலைப்பதிவர், பத்திரிகையாளர் – என்ன வித்தியாசம்? – வாசகர், தாராபுரம்

ப: பத்திரிகையாளருக்கு ஆசிரியர் உண்டு, வலைப்பதிவருக்குப் பின்னூட்டம் உண்டு. திட்டு இரண்டிலும் ஒன்றுதான். ஆசிரியர் முகத்தைக் காட்டித் திட்டுவார்.

கே: இந்திய அரசு வலைப்பதிவுகளைத் தடை செய்ததாமே? – ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

ப: நீங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். 2006 ஜூலை 11 மும்பை ரயில் குண்டுவெடிப்பு. இரண்டு நாள் கழித்துத் தொலைத்தொடர்புத் துறை குறிப்பிட்ட சில பக்கங்களை மட்டும் முடக்கச் சொல்லி உத்தரவு போட்டது. இணையச் சேவை நிறுவனங்களுக்கோ ஒரு கதவை மட்டும் பூட்டத் தெரியவில்லை, தெருவையே பூட்டிவிட்டார்கள். பிளாக்ஸ்பாட் மொத்தமும் அம்பேல். சமையல் குறிப்பு எழுதியவரும் பேரன் படம் போட்டவரும் ஒரே நாளில் தேசவிரோதிகள்.

வழி எங்கிருந்து வந்தது தெரியுமா? பாகிஸ்தானிலிருந்து. அந்த வருஷத் தொடக்கத்தில் நபிகள் கார்ட்டூன் விவகாரத்தில் அவர்கள் அரசும் இதே மாதிரி பிளாக்ஸ்பாட்டைப் பூட்டியிருந்தது. அதைத் தாண்டிக் குதிக்க அங்குள்ளவர்கள் பி.கே.பிளாக்ஸ் என்றொரு சந்து வைத்திருந்தார்கள். இந்தியர்கள் அந்தச் சந்தில் புகுந்து தங்கள் சொந்தப் பதிவைப் படித்தார்கள். சாந்திபத்தில் பாகிஸ்தான் தூதரக வாசலில் விசாவுக்குக் கால்கடுக்க நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாரம் நினைவு வரும். விசா இல்லாமல் இந்தியர்கள் பாகிஸ்தான் வழியாகப் போய்வந்த வாரம்.

கே: பெரிய அரசியல் தலைவர்கள் வலைப்பதிவு எழுதி என்ன சாதித்தார்கள்? – வழக்கறிஞர், மதுரை

ப: அத்வானி 2009 ஜனவரியில் ஆரம்பித்தார், பிரதமர் வேட்பாளராக. தேர்தலில் அது ஓட்டு வாங்கித் தரவில்லை. ஆனால் பிறகு அது வேறு காரியத்துக்குப் பயன்பட்டது: சொந்தக் கட்சிக்கு. காங்கிரஸும் இல்லாத பா.ஜ.க.வும் இல்லாத ஒருவர் பிரதமராகலாம் என்று 2012 ஆகஸ்டில் எழுதிக் கட்சிக்காரர்களைத் தூங்கவிடாமல் செய்தார். 2019இல் காந்திநகர் தொகுதி அவரிடமிருந்து அமித் ஷாவுக்குப் போனது. ஏப்ரல் 4ஆம் தேதி, ஏறக்குறைய ஐந்து வருஷ மௌனத்துக்குப் பிறகு, ஒரு பதிவு. மாற்றுக் கருத்துள்ளவரைத் தேசவிரோதி என்று எங்கள் கட்சி ஒருநாளும் கருதியதில்லை என்றார். பேட்டி கொடுத்திருந்தால் குறுக்கே நாலு கேள்வி வரும், மேடையில் பேசினால் மைக்கைப் பிடுங்கலாம். பதிவில் இரண்டும் முடியாது. 91 வயதில் அந்தச் சூட்சுமம் அவருக்குத் தெரிந்திருந்தது.

வழக்கறிஞர் என்பதால் உங்களுக்குக் கூடுதலாக ஒன்று. முன்னாள் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜுவின் பதிவுக்குப் பெயரே ‘சத்யம் ப்ரூயாத்’. 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றக் கூடுதல் நீதிபதி ஒருவருக்குக் கூட்டணிக் கட்சியின் நெருக்குதலால் பதவி நீட்டிப்புக் கிடைத்தது என்று எழுத, அ.தி.மு.க. உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தை நடக்கவிடவில்லை. அதே பேனா 2016இல் சௌமியா வழக்குத் தீர்ப்பை விமர்சித்தபோது உச்ச நீதிமன்றம் அவரை அழைத்து அவமதிப்பு நோட்டீஸே கொடுத்தது. மறுவருஷம் ஜனவரியில் மன்னிப்போடு முடிந்தது. சத்தியம் பேசலாம். சத்ய மார்க்கில் நின்று பேசினாலும் அடுத்த திருப்பம் எங்கே என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கே: ஒரு வலைப்பதிவுக்குச் செல்வாக்கு வர எத்தனை வாசகர் வேண்டும்? – பெயர் வேண்டாம், திருப்பூர்

ப: 16 போதும். 2012 அக்டோபரில் புதுச்சேரி தொழில்முனைவர் ஒருவர் கார்த்தி சிதம்பரத்தைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதியபோது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் அவ்வளவுதான். புகார் போனது, விடியற்காலையில் போலீஸ் வந்தது, மறுநாள் அந்த வரி நாட்டில் எல்லாப் பத்திரிகையிலும் அச்சானது. 17ஆவது வாசகர்தான் முக்கியம் – படித்துவிட்டுக் கோபப்படுகிறவர். எழுதுபவனுக்குச் செல்வாக்கைக் கொடுப்பது அவர்தான். அந்தக் கைதுக்கு உதவிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது.

கே: தமிழில்? – தமிழாசிரியை, சிதம்பரம்

ப: 2003 வாக்கில் விரல்விட்டு எண்ணலாம். 2004இல் காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ திரட்டியைத் தொடங்கியதும் ஒரே பந்தலில் எல்லோரும் கூடினார்கள். யாழ்ப்பாணத்துக்காரர் எழுத, டொரன்டோக்காரர் சண்டை போட, சிங்கப்பூர்க்காரர் சமாதானம் பேச, சென்னையில் ஒருவர் இதையெல்லாம் அலுவலக நேரத்தில் படித்தார். அந்தச் சென்னைக்காரர் நான் அல்ல. நான் தில்லியில் அதே வேலையைச் செய்தேன். சண்டைகளை மறந்துவிடலாம். கட்சிப் பத்திரிகைக்கும் சினிமாப் பத்திரிகைக்கும் வெளியே தமிழில் அரசியல், பொருளாதாரம், தொழில்நுட்பம் எழுத ஒரு தலைமுறை அங்கேதான் கை பழகியது.

முடக்குவதில் நாமும் பின்தங்கவில்லை. 2014இல் ‘சவுக்கு’ தளத்தை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒன்று மூடினால் இரண்டு முகவரியில் முளைத்தது. அந்தத் தளத்தில் எழுதியதெல்லாம் சரி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதன் பெயரை என் மாமியாருக்குத் தெரியவைத்தது அந்த உத்தரவுதான்.

கே: இலங்கையில் இது வேடிக்கை இல்லையே ஐயா? – வாசகர், வவுனியா

ப: இல்லை. கௌடில்ய மார்க்கில் உங்கள் நாட்டுத் தூதரகத்தைக் கடந்துதான் நடக்கப் போகிறேன். ‘தமிழ்நெட்’ ஆசிரியர் தராக்கி சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். 2007 ஜூனில் அந்தத் தளம் இலங்கைக்குள் முடக்கப்பட்டது. ‘லங்கா ஈ நியூஸ்’ தளத்துக்கு எழுதியும் வரைந்தும் வந்த பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24 அன்று வீட்டுக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை. இதற்கு என்னிடம் நகைச்சுவை கிடையாது.

கே: பத்திரிகைகளை வலைப்பதிவர்கள் உண்மையாகத் திருத்தியது உண்டா? – முன்னாள் பிழைதிருத்துநர், காரைக்குடி

ப: உங்கள் இனத்துக்கே பெருமை சேர்த்த சம்பவம் ஒன்று. 2004 செப்டம்பர், அமெரிக்கத் தேர்தல் நேரம். புஷ்ஷின் ராணுவ சேவை பற்றி 1970களின் தட்டச்சு ஆவணங்கள் என்று சிபிஎஸ் தொலைக்காட்சி காட்டியது. பதிவர்கள் விஷயத்தைப் பார்க்கவில்லை, எழுத்தைப் பார்த்தார்கள். இது அந்தக் காலத்துத் தட்டச்சா, மைக்ரோசாஃப்ட் வேர்டா என்று எழுத்து இடைவெளியை அளந்து கேட்டார்கள். சிபிஎஸ்ஸால் ஆவணம் அசல் என்று நிரூபிக்க முடியவில்லை, மன்னிப்புக் கேட்டது. டான் ராதர் மறு மார்ச்சில் செய்தி நாற்காலியை விட்டு எழுந்தார்.

கே: சாணக்கியர் இன்று இருந்தால் வலைப்பதிவு எழுதுவாரா? – பேருந்து நடத்துநர், அரியலூர்

ப: மாட்டார், எழுத ஆள் வைப்பார். சாமியார் வேஷத்தில், வியாபாரி வேஷத்தில், குடித்தனக்காரர் வேஷத்தில் ஒற்றர்களை ஊருக்குள் விட்டு மக்கள் பேசுவதைக் கேட்கவும் பேசவைக்கவும் அர்த்தசாஸ்திரத்தில் அத்தியாயமே இருக்கிறது. ஒற்றருக்குச் சம்பளம் எவ்வளவு என்றுகூட. இன்றைய கட்சிகள் இதற்கு ஐ.டி. விங் என்று பெயர் வைத்திருக்கின்றன. சம்பளப் பட்டியலை மட்டும் வெளியிடுவதில்லை.

கே: தில்லிக் காற்று எப்படி இருக்கிறது? – அக்கறையுள்ள அக்கா, நாகர்கோவில்

ப: நல்லவேளை, அக்கா, இதற்கும் பதில் அதே கதைதான். பெய்ஜிங்கில் அமெரிக்கத் தூதரகம் 2008 முதல் தன் வளாகத்துக் காற்றை அளந்து ட்விட்டரில் போட்டது. சீன அரசு கோபப்பட்டது. அப்புறம் அதுவே ஊருக்கெல்லாம் அளந்து சொல்ல ஆரம்பித்தது. இங்கே சாந்திபத்திலும் ஒரு கருவி வைத்தார்கள். குளிர்காலம் வந்தால் அந்த எண்ணை மேற்கோள் காட்டாத நாளிதழ் இருந்ததில்லை. நிதி இல்லையென்று 2025 மார்ச்சில் அமெரிக்கா அந்த எண்களை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. அதனால் இப்போதைக்கு என் ஜன்னல்தான் கருவி: எதிர்வரிசை வேப்பமரம் தெரிகிறது, அதற்குப் பின்னால் தெரியவில்லை. அடுத்த வாரக் கேள்விகளை வியாழக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள்.