செவ்வாய்க்கிழமை மான்கள்

எந்த வயதுக்காரர் தேசியப் பூங்காவை எப்படி ரசிக்கிறார் என்ற கேள்விக்கு, சென்னைக்கு வெளியே உள்ள தண்டலத்திலிருந்து பார்த்தால், வயதைவிட ஷிப்ட் அட்டவணையே நல்ல விடை தருகிறது. பக்கத்திலுள்ள தேசியப் பூங்கா கிண்டி: 1978இல் அறிவிக்கப்பட்டது, சுமார் 2.7 சதுர கிலோமீட்டர், வெளிமானும் புள்ளிமானும் உண்டு. ஆனால் உள்காட்டுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. பொதுமக்களுக்கு வாசல் திறப்பது ஓரத்திலுள்ள சிறுவர் பூங்காதான். ஆக, அறுபது வயதானாலும் அரசுக் கணக்கில் நாம் சிறுவர்களே. அதற்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் அதே செவ்வாய். வார ஓய்வு செவ்வாயில் விழுந்த ஒரகடத்துத் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு மான் என்பது பாடப்புத்தக விலங்கு.

குழந்தை சறுக்குமரத்தையும் இளைஞர் செல்ஃபியையும் பெரியவர் நிழலையும் தேடுவது வயதால்தானே என்று கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அப்படித்தான் தெரியும். ஆனால் நைட் ஷிப்ட் முடித்த இருபத்திரண்டு வயதுக்காரரை அங்கே கொண்டுபோய் விடுங்கள்: தாத்தாவுக்கு முன்பே பெஞ்சைப் பிடித்துக் குறட்டை விடுவார். விலங்குகளுக்கு வாரம் ஒருநாள் ஆளரவமற்ற ஓய்வு வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். அந்த நாளில் அவற்றை யாரும் ஓ.டி.க்குக் கூப்பிடுவதில்லை என்பதில்தான் ஒரகடத்துக்குக் கொஞ்சம் பொறாமை.