குழி பறிச்சது நாயா, நீரா?

வாரும் மாப்ளே, இந்தத் திண்ணையில உக்காரும். மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கெடக்கு? டைகரு மறுபடியும் வேலிக்கு அடியில மண்ணைப் பறிச்சுட்டு ஓடிட்டானாக்கும்? கல்தூணு நட்டு, ஆறடி உசரத்துக்குக் கம்பி வலையை இழுத்துக் கட்டும்போதே நெனச்சேன். மேல எவனும் ஏறிக் குதிக்காம இவ்வளவு பந்தோபஸ்து பண்ணுத மனுசன், தரைக்கு ஒரு சாண் கீழ என்ன ஆகும்னு குனிஞ்சு பாக்கலையேன்னு. சொல்லிருப்பேன். வேலி போட்ட காண்டிராக்டரு பக்கத்துலயே நின்னாரு. ஒரு மனுசன் பொழப்பை நாம கெடுக்கலாமா?

நீரும் சும்மா இருக்கலை. மொத நாளு குழியை மண்ணைத் தள்ளி மூடுனீரு. டைகருக்கு ரொம்பச் சந்தோசம். இளகுன மண்ணுல்லா, மறுநாளு பாதி நேரத்துல வேலை முடிஞ்சுபோச்சு. அடுத்தாப்புல மிளகாப்பொடி தூவுனீரு. காத்து வீட்டுப் பக்கம் அடிச்சதுல தும்முனது நீரும் நம்ம பிள்ளையும். மிச்சத்தை மழை கழுவிட்டுப் போயிட்டு. பொடி நாயி கண்ணுல பட்டிருந்தா எரிச்சல்ல துடிச்சுப் போயிருக்கும், அதோட புண்ணியம் உமக்கு இல்லாமப் போச்சு. அதுக்கும் மேல அந்துருண்டை போட்டு வெச்சீரே, அதை மட்டும் சிரிக்காமச் சொல்லுதேன் கேளும். நாய் தின்னா அது விசம். பீரோவுல துணிக்குக் காவல் இருக்க வேண்டிய சாமானை இன்னைக்கே பொறுக்கி எடுத்துரும்.

அப்புறம் அந்த விசாரணை! காலையில தோண்டுன குழிக்குச் சாயங்காலம் நாயை இழுத்துட்டுப் போயி, மூக்கைத் தேய்ச்சுத் தீர்ப்பு சொன்னீராமே. அது பறிக்கும்போதே பாத்து அதட்டி, கையோட வேற பக்கம் கூட்டிட்டுப் போனா அதுக்கு ஏதாவது புரியும். நேரம் கடந்து திட்டுனா, இவரு வீட்டுக்கு வந்தாலே வம்புன்னு ஒரு பாடத்தைத்தான் படிச்சுக்கிடும். ‘தலையைக் கவுத்துச்சு மாமா, தப்புன்னு அதுக்கே தெரியுது’ன்னு சொல்லுதீரு. அது உம்ம மூஞ்சியைப் பாத்துக் கவுத்தது வே. அந்த மூஞ்சியைக் கண்டா நானே கவுப்பேன். இன்னொண்ணு, வெள்ளை ராஜபாளையத்துல சிலதுக்குப் பொறவியிலயே காது கேக்காது. அது பாக்காத நேரத்துல பின்னால நின்னு கையைத் தட்டிப் பாரும். திரும்பலைன்னா, இத்தனை நாளும் நீரு போட்ட சத்தத்தைத் தெரு பூராவும் கேட்டிருக்கு, நாயைத் தவிர.

நாயைக் குறுக்கு விசாரணை பண்ணுததை விட்டுட்டுக் குழியை விசாரியும். எங்க பறிக்கு, எப்படிப் பறிக்கு, எப்பப் பறிக்குன்னு பாத்தா எதுக்குப் பறிக்குன்னு தெரிஞ்சுபோகும்.

வேப்பமரத்தடியில, தண்ணித்தொட்டி பக்கத்துல, ஆழமில்லாம அகலமா ஒரு பள்ளம் இருந்து, அதுலயே சுருண்டு படுத்திருந்தான்னா அது வெக்கைக்குப் பறிச்சது. நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்கு உள்ளங்கால்ல கொஞ்சம் வேர்க்கும், மத்தபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைச்சுத்தான் சூட்டைத் தணிக்கணும். அது சித்திரை வெயில்ல குளுந்த மண்ணைத் தேடுது. நீரு ரூமுக்குள்ள ஏசியைப் போட்டுக்கிட்டு, ‘மண்ணைக் கெடுக்கான்’னு புகார் வாசிக்கீரு. நிழல்ல ஒரு பந்தலைப் போடும், தண்ணியை மாத்தி மாத்தி வையும். ஒரு மூலையில ரெண்டு சட்டி ஆத்துமணலைக் கொட்டி, இது உன் இடம்னு விட்டுரும். அதுக்குள்ள அவனுக்குப் பிடிச்ச எலும்பைப் புதைச்சு வெச்சா, பறிக்கணும்னு தோணும்போது அங்கதான் ஓடுவான்.

சுவத்தை ஒட்டி அங்கங்க மூக்கை நுழைச்சு, விட்டு விட்டுப் பறிச்சிருந்தா பெருச்சாளி சமாச்சாரம். அங்க டைகரு உமக்குச் சம்பளமில்லாத வேலைக்காரன். ராத்திரி மிஞ்சுன சோத்தைத் தட்டோட வாசல்ல விட்டுட்டு, கொல்லையில தேங்காமட்டையும் ஓட்டை வாளியும் குமிச்சு வெச்சா, பெருச்சாளிக்கு அழைப்பு வெச்சது யாரு? அதையெல்லாம் ஒழிச்சுக் கட்டும். எலிமருந்து மட்டும் வைக்காதீரும். மருந்து தின்ன எலியை நாய் தின்னா அதுக்கும் ஆபத்து. எலி மூத்திரம் பட்ட ஈரமண்ணுல மூக்கை வெச்சா எலிக்காய்ச்சல் வரும், நாய்க்கும் வரும், நமக்கும் வரும். நாய்க்குத் தடுப்பூசி இருக்கு. நமக்குச் செருப்புப் போட்டு நடக்குத புத்தி இருந்தாப் போதும்.

உம்ம விவகாரம் இது ரெண்டும் இல்லை. குழி வேலிக்கு நேர் கீழ, ஒரே இடத்துல, தெருவைப் பாத்து இருக்கு. அவனுக்கு வெளிய போகணும். ஏன் போகணும்னு நீரு கேட்டீரா?

நீரு வாங்குனது என்ன நாய்? ராஜபாளையம். 2005-ல இந்தியத் தபால்துறை நாலு நாட்டு நாய்க்குத் தபால்தலை போட்டுச்சு, அதுல இதுவும் ஒண்ணு. வேட்டைக்கும் காவலுக்கும் வளத்த சாதி. தோட்டம் தொரவு எல்லாம் சுத்தி வரணும்னு அதோட ரத்தத்துல எழுதியிருக்கு. அதை ஆறடிச் சங்கிலியில கட்டிப்போட்டு, அவுத்துவிட்டா அஞ்சு செண்டு இடத்துல நின்னுக்கோன்னா அது என்ன செய்யும்? நீரு நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கீரு, உமக்கு அது பழகிட்டு. அவனுக்குப் பழகலை. வெயில் ஏறும் முன்னால ஒரு நடை, பொழுது சாஞ்ச பொறவு ஒரு நடை, வாரோட கையில பிடிச்சுக் கூட்டிட்டுப் போம். வயித்துக்குச் சாப்பாடு போடுதது பெருசில்லை, காலுக்கும் மூக்குக்கும் வேலை கொடுக்கணும். உம்ம தொப்பைக்கும் நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன், நம்ம பிள்ளை வருத்தப்படும்.

தீபாவளி நேரம்னா கதை வேற. வெடிச் சத்தத்துக்குப் பயந்து பறிச்சுட்டு ஓடுத நாய் உண்டு. அன்னைக்கு வேலியை நம்பாம வீட்டுக்குள்ள ஒரு அறையில வெச்சுக் கதவை அடைச்சுரும்.

ஆனா இப்ப நடக்குதது மார்கழி மாசம் வே. குழி எந்தத் திசையைப் பாத்து இருக்கு? கிழக்க. கிழக்க யாரு வீடுன்னு கேக்காதீரும், அது முக்கியமில்லை. பருவத்துக்கு வந்த பொட்டை நாயோட வாடை காத்துல வந்துச்சுன்னா, கடுவனுக்குக் கம்பியும் தெரியாது, கல்லும் தெரியாது. சோத்தைக் கூடத் திரும்பிப் பாக்க மாட்டான். இதுக்கு மிளகாப்பொடியா மருந்து?

சரி, வேலிக்கு வருவோம். கரண்டு கொடுக்கலாமான்னு கேட்டீராமே. 2023-ல தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம் அப்படித்தான் ஒரு வயக்காட்டு வேலியில மூணு யானை செத்துது. யானையே தாங்கலை, உம்ம பிள்ளை பந்தெடுக்கப் போனா என்ன ஆகும்? அந்த நெனப்பே வேண்டாம். கனமான கம்பிவலை, துரு ஏறாம முலாம் பூசுனது, மூணடி அகலத்துல வாங்கும். கோழிவலை வாங்கிட்டு வராதீரும், ரெண்டு மழைக்குக்கூட அது வராது. வேலியை ஒட்டி ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டி, வலையை அதுல இறக்கி, மிச்சம் ரெண்டடியை வீட்டுப் பக்கமா மடக்கிப் படுக்கப் போட்டு மண்ணைத் தள்ளும். மேல்முனையை வேலியோட கம்பி கொண்டு முறுக்கிக் கட்டும். வெட்டுவாய் எல்லாத்தையும் மடிச்சு விடும், நாய் கால் கிழியக் கூடாது. நாய் வேலி ஓரத்துலதான் பறிக்கும், அங்க வலை தட்டும். ரெண்டடி பின்னால போயிப் பறிச்சா ஜெயிக்கலாம்னு அதுக்குத் தோணாது. அந்த அளவுக்கு யோசிக்கத் தெரிஞ்சா அது ஏன் உம்ம வீட்டுல இருக்கு?

இடுப்பு வலிக்குமேன்னு யோசிச்சீருன்னா, வேலி ஓரமாத் தரைமேலயே வலையை விரிச்சு, முளை அடிச்சு இறுக்கும். புல்லு முளைச்சு அதுவே மூடிரும். கேட்டுக்கு அடியில மட்டும் சிமெண்டுல ஒரு பட்டை போட்டுரும். கடப்பாரையைப் போடும் முன்னால தண்ணிக் குழாய் எங்க ஓடுதுன்னு பாத்துக்கிடும். நாய் பறிச்ச குழியை நீரு சரிபண்ணிருவீரு, நீரு பறிச்ச குழிக்கு பிளம்பரைக் கூப்பிடணும்.

வேலி கட்டுனா போறது நிக்கும், ஆசை நிக்காது. அதுக்குக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி டாக்டரைப் பாத்து, கருத்தடை ஆபரேசனைப் பண்ணிரும். பொட்டையைத் தேடி அலையுதது அதோட நல்லாவே குறையும். தெருநாயோட பழகிட்டு வந்திருக்கான், வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் போட்டுரும், வருசா வருசம் தவறாமப் போடும்.

எப்பப் போறீரு? நாளைக்கேவா? ரொம்ப நல்லது. ஆட்டோவுல இடம் இருக்கும்லா, நம்ம வீட்டுக் கறுப்பியையும் ஏத்திக்கிட்டுப் போம். ஏன் அப்படிப் பாக்கீரு? நாய்ச் சினை அறுபத்து மூணு நாளு. மாசி முடியதுக்குள்ள குட்டி விழுந்தா, முகச்சாடையைப் பாத்துப் பாதியை உம்ம வாசல்ல கொண்டாந்து விடுவேன். ஆட்டோக்காசு லாபமா, அந்தக் குட்டிகள் லாபமான்னு ராத்திரி நல்லா யோசிச்சுட்டு வாரும்.