பைதானைத் தெரியாது என்று விண்டோஸ் கைவிரிப்பது குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

கட்டளைச் சாளரத்தில் ‘பைதான்’ என்று அடித்து என்டரைத் தட்டினால், அப்படியொரு கட்டளையோ நிரலோ தனக்குத் தெரியாது என்கிறது விண்டோஸ். நிரலோ சற்றுமுன்தான் அதே வட்டில் குடியேறியிருக்கிறது. இம்முரண்பாடே இங்கு ஆராயப்படுகிறது.

2. முந்தையோர் கொள்கை

இத்துறையில் இரு கட்சிகள் உண்டு. நிரலை நீக்கி மறுபடி நிறுவுவோர் ஒரு கட்சி. நிரல்களைத் தேட வேண்டிய கோப்புறைகளின் பட்டியலான ‘பாத்’தில் பைதானைச் சேர்க்கும் கட்டத்தை இவர்கள் இரண்டாம் முறையும் டிக் செய்யாமலே கடப்பர். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்வோர் மறு கட்சி. இவர்கள் சில சமயம் வெல்வர். ஏன் வென்றோம் என்று மட்டும் சொல்லத் தெரியாது. ஒரு சாளரம் திறக்கும்போது கிடைத்த பாத்தையே மூடும்வரை வைத்திருக்கும். ஆகவே பாத்தைத் திருத்தியபின் அச்சாளரத்தை மூடிப் புதிது திறந்தாலே போதும். வி.எஸ். கோடுக்குள் இருக்கும் டெர்மினலானால், வி.எஸ். கோடையே மூடித் திறக்க வேண்டும்.

3. சித்தாந்தம்

விண்டோஸ் வட்டு முழுவதையும் துழாவுவதில்லை. கட்டளைச் சாளரமான சி.எம்.டி. தான் நிற்கும் கோப்புறையை முதலில் பார்க்கும். அப்புறம் பாத்தில் அரைப்புள்ளியிட்டுப் பிரித்த கோப்புறைகளை வரிசையாகப் பார்க்கும். பாத் என்னும் ஏற்பாடு 1983இல் எம்.எஸ். டாஸ் 2.0உடன் வந்தது. இன்று சிஸ்டம் பாத் முன்னே, யூசர் பாத் பின்னே. பந்திக்கு முந்தியவனுக்கே இலை.

4. சான்று

‘வேர் பைதான்’ என்று சி.எம்.டி.யில் கேட்டால், அந்தப் பெயரில் எத்தனை பேர் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்று காட்டும். முதல் வரியில் ‘விண்டோஸ்ஆப்ஸ்’ கோப்புறை வந்தால் ஆள் அகப்பட்டான். அங்கிருக்கும் பைதானின் அளவு 0 பைட். 2019 மே அப்டேட்டில் வந்த இவன் மைக்ரோசாப்ட் ஸ்டோரைத் திறந்துவிடுவதோடு சரி. செட்டிங்ஸில் ‘ஆப் எக்ஸிகியூஷன் ஏலியஸ்’ பகுதியில் அணைத்துவிடலாம். பவர்ஷெல்லில் இதே கேள்விக்குப் பதிலே வராது, அங்கு ‘வேர்.எக்ஸ்இ’ என்று முழுப்பெயர் சொல்ல வேண்டும்.

5. மருந்தே நோயாதல்

‘செட்எக்ஸ்’ கட்டளையால் பாத்தைத் திருத்தப் போனவர் கதை தனி. பழைய பாத்தோடு புதியதை ஒட்டி எழுதச் சொன்னால், சிஸ்டம் பட்டியலையும் சேர்த்து அள்ளி யூசர் பாத்தில் கொட்டும்; 1,024 எழுத்துக்கு மேல் போனதை வெட்டிவிடும். வெட்டியதாக ஓர் எச்சரிக்கை, அடுத்த வரியிலேயே ‘வெற்றி’ என்ற அறிவிப்பு! விண்டோஸ் 10இல் பாத்தை வரிவரியாகத் திருத்தும் பெட்டி இருக்கையில் இந்த வீரம் தேவையற்றது.

6. மேலாய்வுக்குரியவை

‘ஃபைண்ட்’ விவகாரம் எஞ்சியுள்ளது. விண்டோஸின் ஃபைண்ட் கோப்புக்குள் எழுத்தைத் தேடும். யூனிக்ஸ் கருவித் தொகுப்பான சிக்வின் கொண்டுவரும் ஃபைண்ட் கோப்பையே தேடும். யார் முன்னால் நிற்க வேண்டும் என்ற வழக்கு இரண்டாம் தொகுதியில் விசாரிக்கப்படும்.